புதுப் பட்டதாரிக்கு டேட்டா சயின்ஸ் நேர்காணல்: நாம் எதை அளக்கிறோம்?

கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கும் ஒருவரை டேட்டா சயின்ஸ் வேலைக்கு எடுக்க ஒரு நிறுவனம் செலவிடும் நேரம் மிஞ்சிப்போனால் நான்கைந்து மணி நேரம். ஓர் ஆன்லைன் தேர்வு, ஒன்றோ இரண்டோ டெக்னிக்கல் ரவுண்டு, ஒரு ஹெச்.ஆர். ரவுண்டு. அதற்குள் இரு தரப்பும் ஒரு பெரிய முடிவை எடுத்தாக வேண்டும். இந்த நேரத்தை எப்படிச் செலவிடுகிறோம், அது பயன் தருகிறதா, இதுபற்றி ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதை ஒருசேரப் பார்ப்பது இந்தக் கட்டுரையின் வேலை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேர்காணல்களில் பெரும்பாலும் கேட்கச் சுலபமானதைக் கேட்கிறோம். கையில் கிடைத்த எண்ணை நம்புவதற்கு முன் அது எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கிற பழக்கம்தான் இந்த வேலைக்கு அடிப்படை. அதைச் சோதிக்கும் நேர்காணல்கள் குறைவு.

'டேட்டா சயின்டிஸ்ட்' என்ற பதவிப் பெயர் புதிது. 2008 வாக்கில் லிங்க்ட்இன் நிறுவனத்தில் இருந்த டி.ஜே. பாட்டீலும் ஃபேஸ்புக்கில் இருந்த ஜெஃப் ஹாமர்பாக்கரும் தங்கள் குழுவினருக்கு வைத்த பெயர் அது. 2012 அக்டோபரில் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் பாட்டீலும் தாமஸ் டேவன்போர்ட்டும் சேர்ந்து எழுதிய கட்டுரை, இந்த நூற்றாண்டிலேயே கவர்ச்சி மிகுந்த வேலை இதுதான் என்று அறிவித்தபிறகு உலகம் முழுக்கப் பரவியது. பெயர் புதிதானாலும் விஷயம் பழையது. தரவைப் பகுத்தாய்வது தனியொரு துறையாக வளர வேண்டும் என்று ஜான் டூக்கி 1962லேயே வாதிட்டார். வில்லியம் கிளீவ்லாண்ட் 2001இல் புள்ளியியலை விரிவாக்கி 'டேட்டா சயின்ஸ்' என்ற பெயரில் ஒரு பாடத்திட்டத்தையே முன்வைத்தார்.

சென்னையில் இந்தத் தொழிலுக்கு இன்று வலுவான வேர் இருக்கிறது. 2006இல் இங்கே தொடங்கிய லேட்டன்ட்வியூ அனலிட்டிக்ஸ், 2021 நவம்பரில் பங்குச்சந்தைக்கு வந்தது. டைகர் அனலிட்டிக்ஸுக்கு இங்கே பெரிய அலுவலகம் உண்டு. வெளிநாட்டு வங்கிகளும் கார் கம்பெனிகளும் மருந்துக் கம்பெனிகளும் நடத்தும் ஜி.சி.சி. மையங்கள் ஓ.எம்.ஆர். நெடுகிலும் இருக்கின்றன. படிப்புப் பக்கமும் கதவுகள் திறந்திருக்கின்றன. சென்னைக் கணிதவியல் கழகம் எம்.எஸ்சி. டேட்டா சயின்ஸ் நடத்துகிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020இல் தொடங்கிய ஆன்லைன் பட்டப்படிப்பில் சேர ஜே.இ.இ. தேவையில்லை. பொறியியல் கல்லூரிகளில் 'ஏ.ஐ. அண்டு டி.எஸ்.' இப்போது சாதாரணமான பிரிவு. ஆகவே இந்த வேலைக்கு விண்ணப்பிப்பவர்களின் எண்ணிக்கை பெருகிவிட்டது. வடிகட்டும் வேலை கடினமாகிவிட்டது.

ஃபிரஷராகச் சேர்பவர் முதல் ஆண்டில் என்ன செய்கிறார்? வேலைக்கான அறிவிப்பில் டீப் லேர்னிங், ஜென் ஏ.ஐ. என்றெல்லாம் இருக்கும். சேர்ந்தபின் எஸ்.க்யூ.எல். எழுதி டேட்டா எடுப்பது, அதில் உள்ள குளறுபடிகளைச் சரிசெய்வது, இரண்டு அறிக்கைகளில் ஒரே எண் ஏன் வேறுவேறாக வருகிறது என்று தேடுவது, டேஷ்போர்டு போடுவது, கிளையன்டுக்கு விளக்கம் தயாரிப்பது ஆகியவைதான் நாளின் பெரும்பகுதி. மாடல் கட்டுவது அதற்கிடையே எப்போதாவது வரும். இதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. தொழிலைக் கற்கும் வழியே அதுதான். ஆனால் நேர்காணல் இந்த வேலையை மனத்தில் வைத்து நடக்கிறதா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

முதல் வடிகட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் மூன்றிலும் 60 சதவீதம், கையில் அரியர் இருக்கக் கூடாது. பிறகு ஆப்டிடியூட். ஆர்.எஸ். அகர்வால் புத்தகத்தைத் தேய்த்தவர்கள் தாண்டிவிடுவார்கள். ஆயிரக்கணக்கானவர்களை நூறாகக் குறைக்க நிறுவனங்களுக்கு வேறு வழி தெரியவில்லை. இந்தக் கட்டத்தில் தவறாக வெளியே தள்ளப்படுகிறவர்கள் நிறையப் பேர் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

டெக்னிக்கல் ரவுண்டில்தான் உண்மையான விஷயம் இருக்கிறது. அங்கே மீண்டும் மீண்டும் வரும் மூன்று கேள்விகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஒரே கேள்வி எப்படி மனப்பாடத்தையும் சோதிக்கும், சிந்தனையையும் சோதிக்கும் என்பது அவற்றில் தெரியும்.

ஒன்று, நிகழ்தகவு. ஒரு நோய் நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது. நோய் உள்ளவர்களில் 99 சதவீதம் பேரைப் பரிசோதனை சரியாகப் பிடித்துவிடும். நோய் இல்லாதவர்களிலும் 5 சதவீதம் பேருக்குத் தவறாக 'உண்டு' என்று காட்டும். 'உண்டு' என்று வந்த ஒருவருக்கு நிஜமாகவே நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? பேய்ஸ் சூத்திரத்தை நெட்டுருப் போட்டவர் விடையைச் சொல்லிவிடுவார். சூத்திரம் தெரியாவிட்டாலும் நிதானமாக யோசிப்பவர் 10,000 பேரை எடுத்துக்கொள்வார். நோய் உள்ளவர்கள் 100, அவர்களில் 99 பேருக்கு 'உண்டு'. நோய் இல்லாதவர்கள் 9,900, அவர்களில் 495 பேருக்கும் 'உண்டு'. மொத்தம் 594 பேரில் 99 பேர்தான் நோயாளிகள், அதாவது ஆறில் ஒருவர். பெரும்பாலான பேனல்கள் இந்த விடையோடு நிறுத்திக்கொள்கின்றன. அடுத்த கேள்விதான் முக்கியம்: "காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்கு மட்டும் இதே பரிசோதனையைச் செய்தால்?" நூற்றில் ஒருவர் என்ற கணக்கு அங்கே செல்லாது, வந்தவர்களில் நோயாளிகளின் விகிதமே வேறு, ஆகவே விடையும் மாறும் என்று சொல்கிற பிள்ளை, சூத்திரத்தின் உள்ளே இருப்பதைப் புரிந்துகொண்ட பிள்ளை.

இரண்டு, எஸ்.க்யூ.எல். வாடிக்கையாளர் அட்டவணை ஒன்று, ஆர்டர் அட்டவணை ஒன்று. இதுவரை ஒரு ஆர்டரும் போடாதவர்கள் யார்? ஆர்டர் அட்டவணையில் இல்லாத வாடிக்கையாளர் எண்களைத் தேட 'நாட் இன்' போட்டு இரண்டு வரியில் எழுதிவிடலாம். பார்க்கச் சரியாகவே இருக்கும். ஆனால் ஆர்டர் அட்டவணையில் ஒரே ஒரு வரிசையில் வாடிக்கையாளர் எண் காலியாக, அதாவது 'நல்' என்று இருந்தால் போதும். விடையில் ஒரு பெயரும் வராது. பிழைச் செய்தியும் வராது. நல்லோடு எதை ஒப்பிட்டாலும் உண்மை, பொய் இரண்டுமில்லாமல் 'தெரியாது' என்றே எஸ்.க்யூ.எல். எடுத்துக்கொள்வதால், எந்த வரிசையும் நிபந்தனையைத் தாண்டுவதில்லை. எல்லா வாடிக்கையாளரும் ஆர்டர் போட்டுவிட்டார்கள் என்று மேலாளர் நினைத்துக்கொள்வார். 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' போட்டால் இந்தச் சிக்கல் வராது என்பது பாதி விடை. வாடிக்கையாளர் எண் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்பதுதான் மீதி. கடையில் பில் போடும்போது போன் நம்பர் கொடுக்க மறுத்தவர்களின் ஆர்டர்களாக அவை இருக்கலாம். அப்படியானால் ஆர்டர் போடாதவர்கள் என்று நாம் எடுக்கும் பட்டியலே சந்தேகத்துக்குரியது. சிலர் வாங்கியிருப்பார்கள், நம் கணக்கில்தான் இல்லை.

மூன்று, மாடலின் துல்லியம். 10,000 கார்டு பரிவர்த்தனைகளில் 20 மோசடி. எல்லாமே நல்ல பரிவர்த்தனை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மாடல்கூட 99.8 சதவீதம் சரி. ஆகவே அக்யூரசி பயன்படாது, பிரசிஷனும் ரீகாலும் பார்க்க வேண்டும் என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்த பதில். ஒரு மோசடியைத் தவறவிட்டால் வங்கிக்கு என்ன நஷ்டம், நல்ல வாடிக்கையாளரின் கார்டைத் தவறாக முடக்கினால் என்ன நஷ்டம் என்று திருப்பிக் கேட்கிறவர்கள் குறைவு. அந்த இரண்டு எண்களும் தெரியாமல் எங்கே கோடு போடுவது என்று யாராலும் முடிவெடுக்க முடியாது.

ரெஸ்யூமேயில் இருக்கும் புராஜெக்டுக்கும் இதே அளவுகோல்தான். டைட்டானிக் பயணிகளில் யார் பிழைத்தார்கள் என்று கணிக்கும் புராஜெக்ட் எல்லோரிடமும் இருக்கிறது. 891 வரிசைகள், காக்கிள் தளத்தில் ஆயிரம் விடைகள். 1936இல் ஃபிஷர் பயன்படுத்திய 150 பூக்களின் ஐரிஸ் தரவும் அப்படியே. கற்றுக்கொள்ள இவை நல்லவை. ஆனால் மற்றவர்கள் சுத்தம் செய்து கொடுத்த டேட்டாவில் அழுக்கு எப்படி இருக்கும் என்று யாரும் தெரிந்துகொள்ள முடியாது.

இதற்கு மாறாக ஒரு மாணவி சென்னைக் குடிநீர் வாரியம் வெளியிடும் ஏரி நீர்மட்டக் கணக்கை எடுத்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம். நாள்வாரியாக, மில்லியன் கனஅடியில். பேனலில் இருப்பவர் கேட்கிறார்: "சோழவரத்துக்கு நேரே பல இடத்தில் சுழியம் இருக்கே, என்னம்மா அது?" நல்ல பதில் இப்படி இருக்கும்: "2019 ஜூன்ல வர்ற சுழியம் நிஜம் சார், அப்போ ஏரி வறண்டுதான் கிடந்தது. ஆனா மழைக்காலத்துல ஒரு நாள் மட்டும் சுழியம் வருது, முந்தின நாளும் மறுநாளும் 600க்கு மேல இருக்கு. அது பதிவாகாத நாள். அதை மட்டும் காலின்னு மாத்திட்டேன்." ஏரியில் தண்ணீர் இல்லாததும், தண்ணீர் எவ்வளவு என்று எழுதாமல் விட்டதும் ஒன்றல்ல. இந்த வித்தியாசத்தைத் தானாகக் கண்டுபிடித்தவருக்கு மற்ற அல்காரிதங்களை ஆறு மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். சோழவரத்தின் முழுக் கொள்ளளவு 1,081 மில்லியன் கனஅடி. டேட்டாவில் அதைத் தாண்டிய எண் வந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

இனி ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். ஆள் தேர்வு முறைகளில் எது பிற்காலத்து வேலைத்திறனைச் சரியாகக் கணிக்கிறது என்பது தொழில்சார் உளவியலில் நூறாண்டுக் கேள்வி. ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் இருவரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்ட கட்டுரை நெடுங்காலம் வேதவாக்காக இருந்தது. நேர்காணல் மதிப்பெண்ணுக்கும் வேலைத்திறனுக்கும் உள்ள ஒட்டுறவை அவர்கள் கணக்கிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விகள், முன்பே எழுதிவைத்த மதிப்பெண் முறை என்று கட்டமைத்த நேர்காணலுக்கு 0.51, வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணலுக்கு 0.38. 2022இல் பால் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் அந்தக் கணக்கை மறுபடி சோதித்தார்கள். கட்டமைத்த நேர்காணல் 0.42க்கு இறங்கினாலும் எல்லா முறைகளிலும் முதலிடத்தில் நின்றது. துறை அறிவுத் தேர்வு 0.40. வேலையின் ஒரு துண்டைக் கொடுத்துச் செய்யச் சொல்வது 0.33. பொது அறிவுத்திறன் தேர்வு 0.31. கட்டமைப்பில்லாத நேர்காணல் 0.19.

எண்கள் ஏன் இறங்கின என்பது நம் துறைக்கே உரிய பாடம். யாருடைய வேலைத்திறன் நமக்குத் தெரியும்? வேலைக்கு எடுக்கப்பட்டவர்களுடையது மட்டும். நிராகரிக்கப்பட்டவர்கள் எப்படி வேலை செய்திருப்பார்கள் என்று எங்குமே டேட்டா இல்லை. அந்த ஓட்டையைச் சரிசெய்யப் பழைய ஆய்வாளர்கள் போட்ட திருத்தம் பல இடங்களில் அளவுக்கு மிஞ்சிவிட்டது என்பதே சாக்கெட் குழுவின் வாதம். "நாங்க எடுத்த பசங்க எல்லாம் நல்லா பண்றாங்க, அதனால எங்க இன்டர்வியூ சரியாத்தான் இருக்கு" என்று சொல்லும் மேலாளர்களிடமும் இதே ஓட்டை இருக்கிறது. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இன்னும் நன்றாகச் செய்திருப்பார்களா என்று அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை.

சாதாரண உரையாடல் நேர்காணல் மீது நமக்கு இருக்கும் நம்பிக்கை எவ்வளவு பலவீனமானது என்பதை ஜேசன் டானா, ராபின் டாஸ், நத்தனியல் பீட்டர்சன் மூவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒரு மாணவரை நேர்காணல் செய்து அவருடைய மதிப்பெண் சராசரியைக் கணிக்க வேண்டும். பதில் சொல்பவர்களில் ஒரு பகுதியினர், கேள்விக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு விதிப்படி 'ஆம்', 'இல்லை' என்று பதில் சொல்ல ரகசியமாகச் சொல்லிவைக்கப்பட்டிருந்தார்கள். கேட்டவர்களுக்கு அது பிடிபடவில்லை. ஆளைப் புரிந்துகொண்டதாகவே நினைத்தார்கள். நேர்காணலே செய்யாமல் பழைய மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கணித்திருந்தால் கணிப்பு இன்னும் சரியாக இருந்திருக்கும். புதிர்க் கேள்விகளின் கதையும் அதுதான். விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து பிடிக்கும் என்ற வகைக் கேள்விகளால் எந்தப் பயனும் இல்லை என்று கூகுளின் ஆள்வளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். அந்தப் புதிர்கள் இன்னும் இங்கே கேட்கப்படுகின்றன.

அமெரிக்காவில் நடந்த ஒரு சிறிய ஆய்வு எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து 2020இல் வெளியிட்டது. 48 கணினி அறிவியல் மாணவர்களுக்கு ஒயிட்போர்டில் ஒரே வகைக் கணக்கு. பாதிப் பேர் தேர்வாளர் பார்த்துக்கொண்டிருக்க, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட வேண்டும். மீதிப் பேர் தனி அறையில் போடலாம். பார்க்கப்பட்டவர்களின் திறன் பாதிக்கும் கீழே போனது. பார்க்கப்பட்ட பெண்களில் ஒருவரும் தேறவில்லை. தனியாகச் செய்த பெண்கள் அனைவரும் தேறினார்கள். 48 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை, அதை வைத்துப் பெரிய தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் பதற்றத்தை அளந்துவிட்டு அதற்குத் திறமை என்று பெயர் வைக்கிறோமோ என்ற கேள்வியை இது எழுப்புகிறது.

தமிழ்நாட்டில் அந்தப் பதற்றத்தோடு ஆங்கிலமும் சேர்ந்துகொள்கிறது. மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவரும் தமிழர், அந்தப் பக்கம் இருப்பவரும் தமிழர். கேள்வி ஆங்கிலத்தில், பதில் ஆங்கிலத்தில். ஓவர்ஃபிட்டிங் என்றால் என்ன என்று தமிழில் கேட்டால், "பழைய கொஸ்டின் பேப்பரை மட்டும் மனப்பாடம் பண்ணிட்டுப் போனா புதுக் கேள்வில மாட்டிக்குவோம், அது மாதிரி சார்" என்று கச்சிதமாகச் சொல்லக்கூடிய பையன், ஆங்கிலத்தில் இரண்டாவது வாக்கியத்திலேயே தடுமாறி 'கம்யூனிகேஷன் போதாது' என்ற குறிப்போடு வெளியே போகிறான். கிளையன்டிடம் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. அப்படியானால் ஆங்கிலத்துக்குத் தனியாக மதிப்பெண் போடுங்கள். சிந்தனைக்குப் போடும் மதிப்பெண்ணில் அதைக் கலக்காதீர்கள். டெக்னிக்கல் ரவுண்டில் "தமிழ்லயே சொல்லுங்க, பரவால்ல" என்ற ஒரு வார்த்தை, குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கிய எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றும்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் அசைன்மென்ட் ஒரு காலத்தில் இந்தச் சிக்கலுக்கெல்லாம் விடையாகத் தெரிந்தது. டேட்டாவைக் கொடுத்து மூன்று நாள் அவகாசம் தருவார்கள்; பதற்றம் இல்லை, நிஜ வேலைக்கும் நெருக்கம். இரண்டு குறைகள் அப்போதே இருந்தன. நாலு நிறுவனங்களுக்கு ஒரே வாரத்தில் சம்பளமில்லாமல் உழைக்க வேண்டும். வேறு யாராவது செய்துகொடுத்தாலும் தெரியாது. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்தபிறகு இரண்டாவது குறை பெரிதாகிவிட்டது. ஆன்லைன் நேர்காணலிலேயே பக்கத்துத் திரையைப் பார்த்துப் படிக்கிறார்கள் என்பது பேனல்களின் பொதுவான புகார். குறைந்தது ஒரு ரவுண்டாவது நேரில் வைப்போம் என்று கூகுளின் சுந்தர் பிச்சை 2025இல் சொன்னார். என்னைக் கேட்டால், நேரில் வரவைத்து, ஏ.ஐ. கருவியையும் கையில் கொடுத்து, அது எழுதிய குறியீட்டில் தவறு எங்கே என்று கேட்கலாம். நல் வரும்போது ஏமாற்றும் அந்த எஸ்.க்யூ.எல். வரியைக் காட்டி "இது சரியா?" என்று கேட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஆள் தேர்வையே இயந்திரத்திடம் விட்டுவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு அமேசான் பட்ட அனுபவம் போதும். 2014இல் அங்கே கட்டத் தொடங்கிய கருவி, முந்தைய பத்தாண்டு ரெஸ்யூமேக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. பெண்களுக்கான மன்றம், பெண்கள் கல்லூரி என்று குறிப்பிட்ட ரெஸ்யூமேக்களுக்கு அது மதிப்பெண்ணைக் குறைத்தது. கருவியைக் கைவிட்டார்கள் என்பதை 2018 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் வெளியிட்டது.

இனி மாணவர்களுக்கு. ஹெச்.ஆர். ரவுண்டில் பாண்ட் எத்தனை ஆண்டு, எந்த ஊரில் வேலை, சேரும் தேதி எப்போது என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்பது மட்டுமே அந்த ரவுண்டைப் பற்றி நான் சொல்ல நினைப்பது. டெக்னிக்கல் ரவுண்டுக்குத் தயாராகிறவர்கள் நூறு கேள்வி பதில்களை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, தங்களுக்குத் தெரிந்த ஊரின், தங்களுக்குத் தெரிந்த விஷயத்தின் டேட்டா ஒன்றை எடுத்து ஒரு மாதம் அதோடு மல்லுக்கட்டட்டும். ஒவ்வொரு காலி இடத்துக்கும் காரணம் தேடட்டும். பேனலில் எதைக் கேட்டாலும் அதிலிருந்து சொல்ல ஏதாவது இருக்கும்.

பேனலில் உட்காருகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். கல்லூரிக்குக் கிளம்பும் முன் ஐந்து கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்தப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண் என்பதையும் எழுதுங்கள். எல்லோரிடமும் அதே ஐந்தையும் கேளுங்கள். இருவர் இருந்தால் பேசிக்கொள்வதற்கு முன் தனித்தனியாக மதிப்பெண் போடுங்கள். அந்தத் தாள்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து, ஓராண்டு கழித்து, சேர்ந்தவர்களுடைய வேலை மதிப்பீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டேட்டாவைப் பார்த்து முடிவெடுங்கள் என்று பிறருக்கு ஆலோசனை சொல்வதே நம் பிழைப்பு; நம் வீட்டுக்கு ஆள் எடுக்கும்போதும் அதைச் செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம். நிராகரிக்கப்பட்டவர்களுக்கு ஏன் என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். மதிப்பெண் தாள் கையில் இருந்தால் அதற்கு ஒருவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.